பழைய அடப்டர்களும் எமது கடமையும்

யூபிலி மலருக்கு எழுதப் புகுவோர் கல்லூரியின் தோற்றத்தையும், அதனை வளர்த்த பெரியோரின் தொண்டினையும், தத்தம் மாணவப் பருவத்து நினைவுகளையும் எழுதுதல் மரபு. அவை எழுதற்குரியனவே. அவற்றை எழுத வல்லோர் பலர் உளர். நாம் எழுத எடுத்துக்கொண்டதோ, கணினி அறையின் மூலையில் நிற்கும் அலுமாரியின் அடித்தட்டிற் கிடக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றியது. கணினியையும் அதன் திரையையும் இணைத்தற்கு உதவும் 'அடப்டர்' என்பதே அப்பொருள். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று வினவுவாரும் உளராவர். எமது கையாலேயே ஒரு திரை எரிந்துபோயிற்று. ஆதலின் இதனைப் பற்றிப் பேசுங் கடமை எமக்கு உண்டு. அந்நிகழ்ச்சியைப் பின்னர்க் கூறுவோம்.

அடப்டர் என்பது யாது? மணி என்னுஞ் சொல்லும் அழகு என்னுஞ் சொல்லும் புணருமிடத்து, ஈற்றுயிரும் முதலுயிரும் தம்முள் இணங்கமாட்டா. இடையே யகரமெய் தோன்றி அவற்றை இணக்குகின்றது, மணியழகு என்றாகின்றது. இதனை உடம்படுமெய் என்று கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கணினியும் திரையும் ஒன்றோடொன்று இணங்காதவிடத்து, இடையே நின்று இணக்குவதே அடப்டரின் தொழில். தனக்கெனப் படம் ஒன்றும் அதற்கில்லை. ஆயினும் அஃது இல்லாதவிடத்து, நல்ல கணினியும் நல்ல திரையும் ஒரே மேசையில் இருந்தும் பயன்படாதொழியும்.

இவ்விணங்காமை எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். 1987ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனம் வீ.ஜீ.ஏ. என்னும் இணைப்பு முறையை வெளியிட்டது. மூன்று வரிசையிற் பதினைந்து ஊசிகளை உடைய அச்செருகியை எம் வயதினர் எவரும் மறந்திரார். அதே ஆண்டில் அப்பிள் நிறுவனம் தனது மக்கின்ரோஷ் 2 கணினிக்கு அமைத்த செருகியும் பதினைந்து ஊசிகளை உடையதே. ஆயின் அவை இரண்டு வரிசையில் அமைந்தன. எண்ணால் ஒத்தும் வடிவால் ஒவ்வாதபடியால், இரண்டிற்கும் இடையே அடப்டர் வேண்டியதாயிற்று. பின்னர் 1999இல் டீ.வி.ஐ., 2002இல் எச்.டி.எம்.ஐ., 2006இல் டிஸ்ப்ளே போர்ட், 2014இல் யூ.எஸ்.பி. சீ என ஒன்றன்பின் ஒன்றாகப் புதியன வந்தன. 2010ஆம் ஆண்டு டிசெம்பரில் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள், பெரிய கணினி, திரை உற்பத்தியாளர் சிலரோடு சேர்ந்து, 2015ஆம் ஆண்டளவில் வீ.ஜீ.ஏ. முறையைத் தமது பொருள்களிலிருந்து நீக்கிவிடுவதாக அறிவித்தன.

நிறுவனத்தார் அறிவித்தமையால் உலகிலுள்ள வீ.ஜீ.ஏ. திரைகள் யாவும் ஒரே நாளில் இருண்டுவிடவில்லை. 2008இல் வாங்கிய தட்டைத்திரை இன்றும் எழுத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது; மண்டபத்து முகட்டிற் பொருத்திய படமெறி கருவி இன்றும் ஒளி வீசுகின்றது. அடப்டரின் ஆயுளை, அஃது இணைக்கும் இரண்டு கருவிகளுள்ளே பழையதன் ஆயுளைக் கொண்டே அளத்தல் வேண்டும். பழைய திரை உள்ளவரையும் அடப்டருக்கு வேலை உண்டு. இதனை எண்ணாது, "இது பழைய காலத்துச் சாமான்" என்று சொல்லிக் குப்பையிற் போடுவோர், போடுவது ஒரு சிறு செருகியை மட்டுமன்று. அதனை நம்பியிருந்த திரையையும் உடன்போடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது கல்லூரிக்குப் புதிய மடிக்கணினிகள் சில கிடைத்தன. படத்தை வெளியே செலுத்துதற்கு எச்.டி.எம்.ஐ. துறை ஒன்றே அவற்றில் இருந்தது. மண்டபத்திலுள்ள படமெறி கருவியோ வீ.ஜீ.ஏ. ஒன்றையே அறிந்தது. கருவியின் விளக்கிற் குறைவில்லை; கணினியிலும் குறைவில்லை. எனினும் பாடம் நடத்த வழியில்லாது, புதிய கருவிக்கு விலைமதிப்புக் கோருவது பற்றிப் பேச்செழுந்தது. அவ்வேளையில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவன் ஒருவன் அலுமாரியின் அடித்தட்டைக் கிளறி, வெளிநாட்டுப் பழைய மாணவர் ஒருவர் முன்னர் அனுப்பிய பெட்டியிலிருந்து விரலளவான அடப்டர் ஒன்றை எடுத்துவந்து மாட்டினான். சுவரிற் படம் விழுந்தது. ஒலி மட்டும் வரவில்லை. எச்.டி.எம்.ஐ. வழியே படமும் ஒலியும் சேர்ந்து செல்லும், வீ.ஜீ.ஏ. வழியே படம் மட்டுமே செல்லும். அதனை அம்மாணவன் எமக்கு விளக்கி, மடிக்கணினியிலிருந்து ஒலிபெருக்கிக்குத் தனிக் கம்பி ஒன்றை இழுத்துக் கொடுத்தான். புதிய கருவி பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

இனி, எமது பிழையை ஒளியாமற் கூறுதல் வேண்டும். அதே பெட்டியிலே, திரைக்கு மின்னூட்டும் அடப்டர்களும் பல கிடந்தன. முன்னைய வெற்றி தந்த துணிவினால், மின்னடப்டர் இல்லாது கிடந்த தட்டைத்திரை ஒன்றை எடுத்து, பெட்டியிலிருந்த ஒன்றை நாமே மாட்டினோம். செருகி இறுக்கமாகப் பொருந்தியது. பொருந்துவதனால் அது பொருத்தமானது என்று கொண்டோம். சிறிது நேரத்திற் கருகிய மணம் எழுந்தது. திரை அணைந்தது, பின்னர் அஃது எரியவேயில்லை. திரைக்கு வேண்டியது 12 வோல்ற்று. நாம் கொடுத்தது 19 வோல்ற்று. இரண்டும் அவ்வவற்றின் பின்புறத்திற் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டே இருந்தன. வினாவை முற்றாக வாசியாது விடை எழுதுகின்றான் என்று மாணவனைக் கடிகின்ற நாம், இரண்டு வரியை வாசியாது விட்டோம்.

ஆகவே, பழைய அடப்டரைப் பயன்படுத்த விரும்புவோரும் விற்க விரும்புவோரும் முதலில் அதன் இனத்தை அறிதல் வேண்டும். மின்னூட்டும் அடப்டராயின் மூன்றினை நோக்குதல் வேண்டும். வோல்ற்றளவு திரையிற் குறித்த அளவோடு ஒத்திருத்தல் வேண்டும். அம்பியர் அளவு திரைக்கு வேண்டியதற்குச் சமமாகவோ அதனின் மிக்கதாகவோ இருக்கலாம், குறைந்திருத்தலாகாது. செருகியின் நடுப்பாகம் நேர்முனையா எதிர்முனையா என்பதும் இரண்டிலும் ஒத்திருத்தல் வேண்டும். இவற்றோடு, கனடா போன்ற நாடுகளிலிருந்து வருவன 120 வோல்ற்றுக்கு மட்டும் அமைந்தனவா, அன்றி 100 முதல் 240 வரை ஏற்பனவா என்பதையும் வாசித்தல் வேண்டும். எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று என்பதை மறத்தலாகாது.

படத்தைக் கடத்தும் அடப்டர்கள் இரு திறத்தன. டீ.வி.ஐ. முறையிலிருந்து எச்.டி.எம்.ஐ. முறைக்கு மாற்றுவது வடிவத்தை மாத்திரம் மாற்றுவது. இரண்டிலும் படக்குறி ஒரே தன்மையது. எச்.டி.எம்.ஐ. முறையிலிருந்து வீ.ஜீ.ஏ. முறைக்கு மாற்றுவது அவ்வாறன்று. எண்வடிவிலுள்ள குறியைத் தொடர்ந்தோடும் மின்னலையாக மாற்றுதல் வேண்டும். அதற்கென அடப்டரின் உள்ளே ஒரு நுண்சில்லு உண்டு. இஃது ஏறக்குறைய மொழிபெயர்ப்பாளனின் வேலை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்ப்பான் என்பது நிச்சயமில்லை. அதுபோல, எச்.டி.எம்.ஐ. கணினியை வீ.ஜீ.ஏ. திரையோடு இணைக்கும் அடப்டர், வீ.ஜீ.ஏ. கணினியை எச்.டி.எம்.ஐ. திரையோடு இணைக்க உதவாது. திசை அறியாது வாங்கிப் பின் "பழுது" என்று எறியப்படுவனவற்றுட் பல பழுதற்றவை.

இப்பொருள்களை என் செய்வது என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. பழைய இரும்பு வாங்குவாரிடம் நிறுத்துக் கொடுத்துவிடலாம் என்பர் ஒரு சாரார். ஒன்றையும் எறியாது வைத்திருத்தல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் எமக்கு உடன்பாடானவையல்ல.

நிறைக்கு விற்றாற் கிடைப்பது சொற்பம். அடப்டர் ஒன்றில் உள்ள செம்பு சில கிராமே. அதன் மதிப்பு, அது செய்யும் இணைப்பில் உள்ளது. நிறுத்த மாத்திரத்தில் அம்மதிப்பு அழிந்துவிடுகின்றது. அன்றியும், கம்பியிலுள்ள செம்பை எடுப்பதற்காக மேலுறையை வெளியிலே தீயிட்டுக் கொளுத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அவ்வுறை பெரும்பாலும் பீ.வி.சி. ஆதலால், எரியுங்கால் டயொக்சின் முதலிய நஞ்சு எழும். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு யூலையிலிருந்து மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. அதற்கு முற்பட்டவற்றின் பற்றாசிலே ஈயம் இருத்தல் இயல்பு. எமது நாட்டிலும், 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி மின்னணுக் கழிவு அட்டவணைப்படுத்திய கழிவாகும். அதனைச் சேகரிப்போரும் ஏற்றிச் செல்வோரும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். படலையில் வந்து நிற்பவர் எவரிடமும் கொடுத்துவிடத்தக்க பொருள் அன்று அது.

யாவற்றையும் சேர்த்து வைத்தலும் குறையுடையதே. பெயர் எழுதாத பெட்டியிலே முடிச்சுண்டு கிடக்கும் ஐம்பது கம்பிகள் இருப்பனவும் அல்ல, இல்லாதனவும் அல்ல. தேடுவார் கையில் அகப்படாத பொருளை மீண்டும் பணங்கொடுத்து வாங்குகின்றோம். வாங்கியதும் காலப்போக்கில் அப்பெட்டியிலேயே போய்ச் சேருகின்றது. பழைய கண்ணாடிக்குழாய்த் திரைகளையும் இரக்கத்தால் வைத்திருப்பார் உளர். அவற்றின் கண்ணாடியில் ஈயம் உண்டு, ஒத்த அளவுள்ள தட்டைத்திரையினும் பார்க்க மிகுந்த மின்சாரத்தை அவை உண்ணும், இடத்தையும் அடைக்கும். அவற்றை உரிய இடத்தில் ஒப்படைத்தலே அறிவுடைமை. மறுபயன் நன்று என்பதால் எல்லாவற்றிற்கும் மறுபயன் தேடுதல் நன்றாகிவிடாது.

எமது கருத்து இது: முதலாவது, சோதித்துத் தன்னிடத்தே பயன்படுத்துக. இரண்டாவது, தனக்கு வேண்டாததை வேண்டுவார்க்குக் கொடுக்க. மூன்றாவது, கொள்வார் உளராயின் உண்மை கூறி விற்க. நான்காவது, எவ்வாற்றானும் பயன்படாததை உரிமம் பெற்றோரிடம் ஒப்படைக்க. இவ்வொழுங்கு மாறுமாயிற் பயனும் மாறிப்போம்.

விற்றலை நாம் இழிவாகக் கருதவில்லை. பழையதாயினும் விலைபெறும் அடப்டர்கள் உள. அப்பிள் நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடக்கம் 2004 வரையும், படம், மின்சாரம், யூ.எஸ்.பி. ஆகிய மூன்றினையும் ஒரே கம்பியிற் செலுத்தும் ஏ.டீ.சீ. என்னும் இணைப்பைத் தனது திரைகளில் அமைத்தது. அத்திரையைப் பிற கணினியோடு இணைத்தற்குத் தனியான மின்னூட்டும் அடப்டர் வேண்டும். அதனை இன்று எவருஞ் செய்வதில்லை. பழங்கணினிகளைப் பேணுவோர் அதனைத் தேடி வாங்குகின்றனர். எனவே விற்பவன் தன் கையில் உள்ளது இன்னது என்று அறிந்து விற்றால் அவனுக்கும் நயம், வாங்குவோனுக்கும் நயம். ஆயின் விற்பவன் நான்கினைச் சொல்லியே தீரல் வேண்டும்: எதிலிருந்து எதற்கு என்பது, மின்னூட்டுவதாயின் அதன் அளவு, சோதிக்கப்பட்டதா என்பது, பழுது யாதேனும் உண்டா என்பது. "வேலை செய்யக்கூடும்" என்று சொல்லி விற்றல் வணிக அறமன்று. தெரியாததைத் தெரியாது என்று எழுதி அதற்கேற்ற விலை கேட்டல் குற்றமாகாது.

இனி, கடல் கடந்து வாழும் எமது பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். இதனைக் கூறுதற்கு நாம் தயங்கியதுண்டு. அவர்கள் அன்பினால் அனுப்பும் பொருளைக் குறைகூறுதல் நன்றி மறத்தலாகும் என அஞ்சினோம். எனினும் யூபிலி ஆண்டிற் கூறாவிடின் வேறெப்போது கூறுவது? கல்லூரியின் பெயரால் வரும் பெட்டிகளிற் சில கொடையாக வருகின்றன. சில, அனுப்புவோரின் வீட்டு அறை வெளிப்பதற்காக வருகின்றன. திரை வரும், அதன் மின்னடப்டர் வராது. அடப்டர் வரும், அஃது எதற்குரியது என்ற குறிப்பு வராது. கப்பற்கூலியும் துறைமுகச் செலவும் கொடுத்துப் பெற்ற பெட்டியைத் திறந்து, பெரும்பகுதியைக் கழிவாக ஒதுக்கும்போது ஆசிரியர் மனம் படும் பாடு அனுப்பினோருக்குத் தெரியாது. நாமும் அதனை எழுதி அறிவிப்பதில்லை. "கிடைத்தது, நன்றி" என்றே எழுதுகின்றோம். ஆகவே அடுத்த பெட்டியும் அவ்வாறே வருகின்றது. இதிற் குற்றம் இரு பாலும் உண்டு.

இஃது எமது கல்லூரி ஒன்றின் குறை மாத்திரமன்று. ஐக்கிய நாடுகள் சார்ந்த அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 620 இலட்சம் தொன். முறையாகச் சேகரித்து மீளாக்கம் செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 வீதமே. கழிவு நாடு விட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் இலங்கை 1992இற் சேர்ந்தது. 2025ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியிலிருந்து, நஞ்சுடையதாயினும் நஞ்சற்றதாயினும் மின்னணுக் கழிவு யாவும், பெறும் நாட்டின் முன்னிசைவு இன்றி அனுப்பப்படலாகாது என்னுந் திருத்தம் அவ்வுடன்படிக்கையில் நடைமுறைக்கு வந்துள்ளது. வேலை செய்கின்றது என்று சோதித்து, பொதிந்து, எழுத்துச் சீட்டோடு அனுப்பப்படும் திரையைப் பயன்படுபொருள் என்று காட்டலாம். சோதியாது அள்ளிப்போட்ட பெட்டியைக் கழிவல்ல என்று எவ்வாறு நிறுவுவது? அனுப்புமுன் எமக்கு ஒரு கடிதம் எழுதி, "உங்களுக்கு வேண்டியது யாது?" என வினவுதல் பெரிய காரியமன்று. வேண்டாததை வேண்டாம் என்று மரியாதையோடு மறுமொழி எழுதும் துணிவை நாமும் பெறுதல் வேண்டும்.

புதிய அடப்டர் ஒன்றின் விலை சிறிதுதானே, அதற்காக இத்தனை முயற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். விலை சிறிதென்பது உண்மையே. ஆயினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்றறுபது ரூபா வரை ஏறியபோது, இறக்குமதிப் பொருள்களின் விலை எவ்வாறு உயர்ந்தது என்பதை நாம் கண்டோம். கையிலுள்ளதன் அருமை அப்பொழுது தெரிந்தது. அதனினும் மேலான காரணம் ஒன்று உண்டு. ஒரு பழைய அடப்டரை எடுத்து, அதன் எழுத்தை வாசித்து, அளவை ஒப்பிட்டு, சோதித்துச் சீட்டு ஒட்டும் மாணவன், மின்னியலில் ஒரு பாடத்தையும் பொறுமையில் ஒரு பாடத்தையும் ஒருங்கே கற்கின்றான். புதியதை வாங்கி மாட்டுகின்ற மாணவனுக்கு இவ்விரண்டும் கிடைப்பதில்லை.

ஆதலின் இவ்யூபிலி ஆண்டிற் செய்யத்தக்கதாக நாம் முன்வைப்பது சிறு செயலே. நவராத்திரிக்கு முன்னர் வகுப்பறைகளைத் துப்புரவாக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. அந்நாள்களுள் ஒன்றிலே, தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் அவ்வலுமாரியைத் திறந்து யாவற்றையும் வெளியே எடுக்கட்டும். ஒவ்வொன்றையும் ஆசிரியர் முன்னிலையிற் சோதித்து, இன்னதிலிருந்து இன்னதற்கு, இத்தனை வோல்ற்று, சோதித்த திகதி இன்னது எனத் தமிழிற் சீட்டெழுதி ஒட்டட்டும். எழுத்துப் பிழை பார்க்கும் பொறுப்பை நாம் ஏற்கின்றோம். ஒரு கொப்பியிற் பதிவு செய்து, இரவல் கொடுத்ததும் திரும்பியதும் குறிக்கட்டும். பதிவேட்டிலுள்ள கல்லூரிப் பொருள்களைக் கழித்தற்கும் விற்றற்கும் உரிய அரச நடைமுறை உண்டு. அதனைத் தவறாது பின்பற்றுதல் வேண்டும். பழைய மாணவர் தம் வீட்டிலிருந்து தருவனவற்றுள் எமக்கு மிகுதியானவற்றைத் தீவுப்பகுதியிலும் வன்னியிலும் உள்ள சிறு பாடசாலைகளுக்கு முதலிற் கொடுத்து, எஞ்சியதைச் சங்கத்தினர் விற்று, வரும் பணத்தை நூலகத்துக்கு வழங்கலாம்.

நாம் எரித்த திரை இன்னும் அவ்வலுமாரியின் அருகே சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றது. அதனை அகற்றிவிடுமாறு பலர் கூறினர். முதலாஞ் சீட்டு எழுதப்படும் நாள் வரையும் அஃது அங்கேயே இருக்கட்டும் என்றோம். வாசியாது மாட்டியதனால் வந்தது இது என்று மாணவருக்குக் காட்டிய பின்னர், அதனை உரியவர்களிடம் நாமே ஒப்படைப்போம்.